புகை மண்டலமா, புகைத்தோகையா?

கனடாவின் 2023ஆம் ஆண்டுக் காட்டுத்தீயைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில், ‘புகை மண்டலம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவை அடைந்தது’ என்று படித்தேன். மேலே செயற்கைக்கோள் படம். அதில் மண்டலம் எதையும் காணோம். கியூபெக் காடுகளில் சிவப்புப் புள்ளிகள். அகச்சிவப்புக் கதிரில் சூடு பிடிபட்ட இடங்கள் அவை. அங்கிருந்து நூலாகக் கிளம்பி, காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து, போகப்போக அகன்று வெளிறும் சாம்பல் நிறப் புகை. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்மோக் ப்ளூம்’ என்கிறார்கள்.

லத்தீனில் ‘புளூமா’ என்றால் மெல்லிறகு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தொப்பியில் செருகும் இறகைக் குறித்து, பிறகு அந்த வடிவில் நீளும் புகைக்கும் பெயராயிற்று.

மண்டலம் என்றால் வட்டம். தொண்டை மண்டலம் என்றால் நிலப்பகுதி. சித்த மருத்துவரிடம் போனால் 48 நாள். எதிலும் ஓட்டம் இல்லை, தொடங்கும் இடம் இல்லை, போகும் திசை இல்லை. குப்பைக் கிடங்கு எரிந்தாலும் ‘அப்பகுதி புகை மண்டலமாகக் காட்சியளித்தது’ என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அதே கட்டுரையில் ‘வளிமண்டலத்தில் பரவிய புகை மண்டலம்’ என்றும் இருந்தது. ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் எழுதியவருக்கே உறுத்தியிருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. தரையை ஒட்டிய புகையும் சில கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகையும் சாதாரணப் படத்தில் ஒன்றாகவே தெரியும். 2023 ஜூன் 7 அன்று நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானபோது புகை தெருவுக்கே இறங்கியிருந்தது. அது புகைமூட்டம். அம்மாதக் கடைசியில் ஐரோப்பாவை எட்டிய புகை பெரும்பாலும் உயரத்திலேயே போனது; கீழே இருந்தவர்கள் பார்த்தது மங்கிய வானமும் சிவந்த அந்தியும்தான். இரண்டுக்கும் மண்டலம் என்றே எழுதினால், ஜன்னலைச் சாத்த வேண்டுமா வேண்டாமா என்று படிப்பவர் எப்படி அறிவார்? மேகமும் தூசும் புகையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அறியவே, 2006 முதல் 2023 வரை காலிப்சோ செயற்கைக்கோள் லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சிக்கொண்டிருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே சொல்லில் கலக்கிவிடுகிறோம்.

‘புகை இறகு’ என்பவர்கள் அகராதியைப் பார்த்தவர்கள், படத்தைப் பார்க்காதவர்கள். ‘புகைமேகம்’ இன்னும் மோசம்: படத்தில் மேகத்தையும் புகையையும் பிரித்தறிவதே முதல் வேலை. ‘புகைக்கொடி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் சிலப்பதிகாரத்திலேயே அது வால்வெள்ளிக்குப் பெயராகிவிட்டது.

நான் புகைத்தோகை என்று எழுதுகிறேன். ஊதுபத்தியை ஏற்றி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நுனியில் இழையாக எழும் புகை காற்றுப் பட்டதும் சாய்ந்து, நீண்டு, விரிகிறது. மயில் இழுத்துச் செல்லும் தோகையும் அப்படித்தான்: ஓரிடத்தில் பிடிப்பு, பின்னால் நீளம். இறகு என்ற பழைய பொருளும் கெடவில்லை.

கரும்புத் தோகையோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குழம்பாது. வயலில் அதைக் கொளுத்தினால் வருவது தோகைப்புகை. அது காற்றில் சாய்ந்து ஊரைத் தாண்டி நீண்டால், அந்த வடிவம் புகைத்தோகை.