பயாப்சி இருக்கிறது, பள்ளிக்கூடப் பதிவேடு எங்கே?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் பெரிய துணிப்பையோடு வந்தார். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு பல வருடம் ஆகிறது. அத்தனை வருடத்துக் காகிதமும் அந்தப் பையில் இருந்தது. "அந்த அணுகுண்டுச் சோதனைக்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறதாமே, இது போதுமா டாக்டர்?" என்றார்.

நோய்க்குப் போதும். ஆனால் 1945-ல் அவர் எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் பையில் இல்லை.

கொஞ்சம் பின்கதை. 1945 ஜூலை 16 விடியற்காலை 5.29-க்கு உலகின் முதல் அணுகுண்டைச் சோதித்தது இந்த மாநிலத்தின் பாலைவனத்தில்தான். ட்ரினிட்டி சோதனை என்பார்கள். சுற்றியிருந்த கிராமங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரையும் அப்புறப்படுத்தவும் இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த ஜனங்கள் அவர்கள். சாம்பல் கூரையிலும் விழுந்தது, தொட்டியிலும் விழுந்தது, மாடு மேய்ந்த புல்லிலும் விழுந்தது.

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. சுருக்கமாக ரீக்கா என்பார்கள். நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கும் வரியே அதில் இருக்கிறது. நெவாடாவில் வெடித்த குண்டுகளின் தூசு காற்றோடு போய் விழுந்த யூட்டா, நெவாடா, அரிசோனாவின் சில பகுதிகளுக்கும், யுரேனியம் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. முதல் குண்டின் தூசு விழுந்த நியூ மெக்சிகோ கிராமங்களுக்கு மட்டும் இடமில்லை! 2024 ஜூனில் சட்டமே காலாவதியானது. 2025 ஜூலை 4 அன்று திரும்ப உயிர் பெற்றபோதுதான் இவர்களையும் சேர்த்தார்கள். 35 வருடத் தாமதம். அதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

இப்போதைய விதி இது. 1944 செப்டம்பர் 24-க்கும் 1962 நவம்பர் 6-க்கும் இடையில் குறைந்தது ஒரு வருடம் நியூ மெக்சிகோவில் இருந்திருக்க வேண்டும். பிற்பாடு பட்டியலில் உள்ள புற்றுநோய்களில் ஒன்று வந்திருக்க வேண்டும். தொகை ஒரு லட்சம் டாலர், வருமான வரி கிடையாது. இந்தக் கதிர்வீச்சால்தான் இந்த நோய் வந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு தனி மனிதரின் கட்டியைப் பார்த்து இது குண்டால் வந்தது, இது தானாக வந்தது என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சட்டம் அந்தச் சண்டைக்குப் போகாமல் இடம், காலம், நோய் மூன்றும் பொருந்தினால் போதும் என்கிறது. அணு ஆயுத ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 2000-ல் வந்த இன்னொரு சட்டம் உண்டு. அதில் பலருக்கு வாங்கிய கதிர்வீச்சின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அது வேறு வழக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவக் காகிதத்தில் நான் அடிக்கடி பார்க்கும் சறுக்கல், நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்பதுதான். வயிறு, கணையம், பெருங்குடல், மார்பகம், நுரையீரல், சினைப்பை, தைராய்டு எல்லாம் பட்டியலில் உண்டு. புராஸ்டேட் கிடையாது. புராஸ்டேட்டில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியதைக் கல்லீரல் புற்றுநோய் என்று எழுதி அனுப்பினால் எடுபடாது. இறந்தவருக்காக விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு இதில் கஷ்டம் அதிகம். சான்றிதழில் வெறுமனே 'புற்றுநோய்' என்று எழுதியிருக்கும், மருத்துவமனையோ எப்போதோ மூடியிருக்கும். நம்பிக்கை இழக்க வேண்டாம். நியூ மெக்சிகோவில் 1966 முதல் மாநிலப் புற்றுநோய்ப் பதிவகம் இயங்குகிறது. அங்கே கேளுங்கள்.

பாட்டிக்கு வருவோம். அவர் படித்த பள்ளிக்கூடமே இப்போது இல்லை. வீட்டில் கரண்ட் கிடையாது, ஆகவே பில்லும் கிடையாது. "நான் அங்கே பிறந்தேன் என்று ஊருக்கே தெரியும்" என்றார். தெரிந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கல்லறையில் இருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்தை மட்டும் நம்பிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் சமூகப் பணியாளர்தான் வழி கண்டுபிடித்தார். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீடுவாரிப் பக்கங்களை 72 வருடம் பூட்டி வைத்துப் பிறகு வெளியிடுவார்கள். 1950-ம் வருடத்துப் பக்கங்கள் 2022 ஏப்ரலில் வெளியாகிவிட்டன. தேசிய ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பேரைப் போட்டோம், வரவில்லை. கணக்கெடுக்க வந்தவர் ஸ்பானியக் குடும்பப் பெயரைத் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். ஊர்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள் என்று குடும்பமே ஒரே பக்கத்தில் இருந்தது. பாட்டி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அது 1950-ல் அங்கே இருந்ததற்குத்தான் சாட்சி. ஒரு வருடம் இருந்ததைக் காட்ட இன்னொரு முனை வேண்டும். அது தேவாலயத்தில் கிடைத்தது: தம்பியின் ஞானஸ்நானப் பதிவு, 1947. அப்பாவின் நிலவரி ரசீது ஒன்றும் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் அகப்பட்டது. இப்படித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரம். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குண்டுக்காக யுரேனியம் சுத்திகரித்த கழிவை அந்த நகரத்து விமான நிலையத்தை ஒட்டிக் கொட்டி வைத்தார்கள், அது கோல்ட்வாட்டர் ஓடையில் கலந்தது. புதிய சட்டம் மிசௌரியின் சில அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளையும் சேர்த்திருக்கிறது. 1949 ஜனவரி 1-க்குப் பிறகு எப்போதாவது இரண்டு வருடம் அங்கே இருந்திருந்தால் போதும். பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்தவருக்கு 50,000 டாலர் அல்லது கைக்காசாகச் செலவழித்த மருத்துவச் செலவு, எது அதிகமோ அது. டென்னசி, கென்டக்கி, அலாஸ்காவிலும் சில பகுதிகள் இப்படி உண்டு. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் பழைய ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்துக்குப் போகிறது (நீதிமன்றத்துக்கு அல்ல), கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றில்லை. வைத்தால் முதல் விண்ணப்பத்துக்கு அவர் 2 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது; நிராகரித்ததைத் திரும்பப் போட்டால் 10 சதவீதம். இருபது, முப்பது கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

நோயாளி இறந்திருந்தால் முதல் உரிமை கணவனுக்கோ மனைவிக்கோ, அவர் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு. பாட்டியின் விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. வரும் வியாழக்கிழமை அவர் திரும்ப வருகிறார், அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு. அக்கா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். அந்த 1950-ம் வருடப் பக்கத்தில் பாட்டிக்கு மேல் வரியில் இருப்பது அவருடைய பெயர்தான்.