கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்

டி.ஃபார்ம் என்ற மருந்தாளர் டிப்ளமோ படிப்பவர்கள் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும், அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும் என்பது விதி. மணிக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த நேரத்தில் அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று யாராவது நின்று பார்த்தார்களா? மருத்துவமனை மருந்தகத்தில் பயிற்சியாளர்களை மேற்பார்வையிடும் எனக்கு இதுதான் பெரிய கவலை.

மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் தேர்வில் கேட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்கிறாரா, வரிசை நீளும்போது பதறாமல் இருக்கிறாரா, மனநல மருந்து வாங்க வந்தவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாரா என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

மெத்தோட்ரெக்ஸேட்டை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறைதான் தருகிறோம். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதியிருப்பார்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரிலும், ஃபோலிக் அமிலம் ஃபோல்வைட் என்ற பெயரிலும் வருவதால் பெயர்களும் குழப்பும். இதெல்லாம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒருவர் "வாரத்துக்கு ஒண்ணும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்குகிறார். இன்னொருவர் "எந்தக் கிழமை போடுவீங்க?" என்று கேட்கிறார். "திங்கக்கிழமை" என்று பதில் வந்ததும் அதைக் கவரில் எழுதுகிறார். அப்புறம், "எப்படிச் சாப்பிடப் போறீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்கிறார். எழுத்துத் தேர்வில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும்.

1990-களில் அமெரிக்காவில் டாக்டர்களின் பயிற்சிக்காக மினி-சி.இ.எக்ஸ் என்ற முறை வந்தது. உண்மையான நோயாளியோடு பேசுவதைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, உடனே கருத்துச் சொல்வதுதான் அது. மருந்தகத்துக்கும் இது பொருந்தும். பதினைந்து நிமிடம் போதும். ஆனால் ஒரே தடவையோடு நிறுத்தக் கூடாது. ஓ.பி. கூட்டம் நெரியும் காலையிலும் பார்க்க வேண்டும், ஓய்ந்த மதியத்திலும் பார்க்க வேண்டும். ஒருவரே பார்க்காமல் வேறு வேறு ஆட்கள் பார்ப்பது நல்லது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் எல்லோருமே முதலில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொள்வார்கள். அடிக்கடி பார்த்தால் அது குறைந்துவிடும். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று நோயாளியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பெழுதும்போது "நன்றாகப் பேசுகிறார்" என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. "மூன்று பேரிடம் சாப்பிடும் முறையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், வயதானவரிடம் மட்டும் கேட்கவில்லை" என்று எழுதினால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். தப்பான மருந்து கைமாறப்போகிறது என்றால் மட்டும் குறுக்கிடுங்கள். மற்றதைத் தனியாகக் கூப்பிட்டு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சம்பள உயர்வையோ தண்டனையையோ இதோடு முடிச்சுப் போட்டால் நீங்கள் பார்ப்பது நடிப்பாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கவனிக்கப்பட்ட எல்லோருமே நோயாளியிடம் கத்திப் பேசியிருந்தால், கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு மட்டுமே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் போன் அடித்து மாத்திரை எண்ணிக்கை தவறினால், அந்த போனை வேறு யார் எடுக்கலாம் என்று யோசியுங்கள். அந்தக் குறையை ஊழியரின் கணக்கில் எழுதாமல் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.