மெய்ச் சேவையகமும் மெய்நிகர் கணினியும்

‘இயற்பியல் சேவையகங்களை மெய்நிகர் இயந்திரங்களாக மாற்றுதல்’. மென்பொருள் உதவிக் குறிப்புகளின் தமிழாக்கங்களில் இந்தத் தலைப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கையால் தொடக்கூடிய பெட்டியான ‘ஃபிசிக்கல்’ சேவையகம்தான் இங்கே ‘இயற்பியல் சேவையகம்’. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான ‘விர்ச்சுவல் மெஷின்’தான் ‘மெய்நிகர் இயந்திரம்’. இயற்பியல் என்பது ஒரு பாடத்தின் பெயர். இயற்பியல் ஆய்வகம் உண்டு, இயற்பியல் ஆசிரியர் உண்டு. இயற்பியல் சேவையகம் என்றால் இயற்பியல் துறை வைத்திருக்கும் சேவையகம் என்றுதான் தமிழ் அறிந்தவர் புரிந்துகொள்வார்.

‘ஃபிசிக்கல்’ என்பதன் வேர் இயற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பாடமும் அங்கிருந்துதான் வந்தது, ‘தொட்டறியக்கூடிய, பருப்பொருளான’ என்ற பொருளும் அங்கிருந்துதான் வந்தது. ‘விர்ச்சுவல்’ ஆற்றலைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்து, ‘பெயரளவில் அதுவாக இல்லாவிட்டாலும் பயனளவில் அதுவே’ என்ற பொருளில் நிலைத்தது. 1960களில் ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நுட்பத்தை உருவாக்கி, 1972-இல் விஎம்/370 என்று விற்பனைக்கே கொண்டுவந்தது. 1974-இல் கணினி அறிவியலாளர்கள் பொப்பெக்கும் கோல்ட்பெர்க்கும் எழுதிய கட்டுரை இதற்கு வரையறை தந்தது: மெய்யான கணினியின் திறன் குன்றாத, தனித்து ஒதுக்கப்பட்ட நகல்.

இந்த வரையறையை வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களை எடைபோடலாம். ‘மாயக் கணினி’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாயம் என்றால் வஞ்சனை, பொய்த்தோற்றம். மெய்நிகர் கணினியில் எந்த ஏமாற்றும் இல்லை. அதில் தரவுதளம் ஓடுகிறது, சம்பளக் கணக்கு நடக்கிறது, அது நின்றால் அலுவலகமே நிற்கிறது. ‘கற்பனை இயந்திரம்’ அதைவிட மோசம். கற்பனை மனத்தில் இருப்பது, இதுவோ நினைவகத்திலும் வட்டிலும் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பது. ‘மெய்க்கு நிகர்’ என்பது ஒன்றுதான் அந்த 1974 வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தச் சொல்லை ஆக்கியவர் பொருள் உணர்ந்து ஆக்கியிருக்கிறார்.

சரி, விர்ச்சுவலுக்கு மெய்நிகர் என்று ஒப்புக்கொண்டோம். எந்த மெய்க்கு நிகர்? அந்தச் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஃபிசிக்கல் சேவையகம் என்பது மெய்ச் சேவையகம். தமிழில் மெய் என்றால் உண்மை மட்டுமல்ல, உடலும்தான். ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்ற வள்ளுவர்தான் ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்றும் சொன்னார். மெய், மெய்நிகர் என்று இரண்டும் ஒரே வேரிலிருந்து இணையாகக் கிடைக்கும்போது, பாடப்புத்தகத்தின் அட்டையிலிருந்து இயற்பியலைக் கடன் வாங்க என்ன தேவை? ‘பௌதிகச் சேவையகம்’ என்று எழுதுகிறவர்கள் பொருளில் தவறவில்லை, பூதங்களால் ஆனது என்பது சரியே. ஆனால் மெய்நிகருக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒட்டவில்லை.

மெய்ச் சேவையகம் என்றால் மற்றது பொய்ச் சேவையகம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். உண்மை என்ற பொருளில்தான் மெய்க்கு எதிர் பொய். உடல் என்ற பொருளில் மெய்க்கு இணை உயிர். நம் எழுத்துகளையே உயிர், மெய் என்றுதானே பிரித்து வைத்திருக்கிறோம்?

அடுத்தது ‘மாற்றுதல்’. இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் இது படிப்பவரைத் தவறாக வழிநடத்துகிறது. பி2வி (ஃபிசிக்கல் டு விர்ச்சுவல்) என்று தொழிலில் சொல்லப்படும் வேலையில் இரும்புப் பெட்டி எதுவாகவும் மாறுவதில்லை. அதன் வட்டில் உள்ள இயங்குதளம், நிரல்கள், தரவு, அமைப்புகள் எல்லாம் விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ் போன்ற ஒரு வட்டுக் கோப்பாகப் படியெடுக்கப்படுகின்றன. டிஸ்க்2விஎச்டி போன்ற கருவி, சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடும். ஆனாலும் தரவுதளச் சேவைகளை நிறுத்திவிட்டுப் படியெடுப்பதுதான் பாதுகாப்பு. அப்புறம் அந்தக் கோப்பு, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஒரு ஹைப்பர்வைசரின் மேல் உயிர்பெறுகிறது. கூடு விட்டுக் கூடு பாய்வதுபோலத்தான், பழைய கூடு அப்படியே கிடக்கும்.

புதிய கூட்டில் வட்டுக் கட்டுப்படுத்தி வேறு. அதற்கான இயக்கி (டிரைவர்) முன்கூட்டியே சேர்க்கப்படாவிட்டால், விண்டோஸ் தன் துவக்க வட்டையே காணாமல் நீலத் திரையில் நின்றுவிடும். பிணைய அட்டையும் வேறு. பழைய அட்டைக்குக் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரி புதியதற்குத் தானாக வராது, பழைய அட்டையின் பதிவோ உள்ளே ஒளிந்திருந்து அந்த முகவரி ஏற்கெனவே பயனில் உள்ளது என்று முரண்டு பிடிக்கும். பழைய பெட்டியின் மின்விசிறியையும் வெப்பத்தையும் கண்காணித்த நிரல்கள் கண்காணிக்க எதுவுமின்றிப் பிழைச்செய்தி எழுதிக்கொண்டிருக்கும், அவற்றை நீக்க வேண்டும். மூலமும் நகலும் ஒரே நேரத்தில் ஒரே பிணையத்தில் விழித்திருந்தால் ஒரே பெயரில் இரண்டு சேவையகங்கள் மோதும். ‘மாற்றுதல்’ என்று படித்தவருக்கு மூலம் என்று ஒன்று மிச்சமிருப்பதே தோன்றாது. அதை அணைத்துவைக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

இங்கே பொருந்தும் வினை ‘பெயர்த்தல்’. இடம்பெயர்கிறோம், மொழிபெயர்க்கிறோம். உள்ளிருப்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது, இருந்த இடம் எதுவாகவும் மாறுவதில்லை. மொழிபெயர்க்கும் வேலையையே செய்கிறவர்களுக்கு இந்தச் சொல் கைக்கு எட்டாமல் போவது எனக்குப் புரியவில்லை. அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காததன் விளைவு இது. கலைச்சொல் ஆக்குகிறவர் ஒரு பெயர்ப்பையாவது பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

‘இயந்திரம்’ பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பேசப்படுவது கணினி மட்டுமே, ஆகவே மெய்நிகர் கணினி போதும். நிகர் இதில் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மெய்ச் சேவையகத்தில் மிகும்.

ஆக, ‘மெய்ச் சேவையகங்களை மெய்நிகர் கணினிகளுக்குப் பெயர்த்தல்’. சுருக்கமாக வேண்டுமென்றால் மெய்நிகருக்குப் பெயர்த்தல். திரும்ப இரும்புக்கே கொண்டுபோகும் வேலை அரிது, அதற்கு மெய்க்குப் பெயர்த்தல். ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் மெய்நிகரிடைப் பெயர்ப்பு.