மாசீருக்கு ஃப்ளை ராடு வாங்கும் முன்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் உத்தராகண்டின் ராம்கங்கை ஆற்றுக்கு மாசீர் மீன் பிடிக்க வருகிறவர்கள், கிளம்பும் முன் எனக்கு ஒரு படம் அனுப்புவார்கள். புதிதாக வாங்கிய ஃப்ளை ராடு, அதாவது இறகும் நூலும் கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசும் தூண்டில் கோல். பாதிப் படங்களில் இருப்பது மெல்லிய 5ஆம் எண் ராடுதான். டிரவுட் மீனுக்கு அருமையானது, வீசவும் லேசு. மாசீருக்கு மட்டும் அதைக் கொண்டு வராதீர்கள் என்றே பதில் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் அப்படி ஒரு ராடோடு வந்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மடுவின் தலைமாட்டில் ஒரு பொன் மாசீர் கவ்வியது, 5 கிலோ இருக்கும். கவ்வியதும் நேரே இழுப்புக்குள் இறங்கி ஓடியது. ராடு அடிவரை வளைந்தது, ஆனால் மீனைத் திருப்ப அதற்கு வலுவில்லை. 40 நிமிடம் கழித்துக் கரைக்கு வந்தபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. தெளியவைத்துத் திரும்ப ஆற்றில் விடுவதற்காக அதன் முகத்தை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றேன். கையைத் தளர்த்தும்போதெல்லாம் மல்லாந்தது. பிழைக்கவில்லை. காலையிலேயே நான் வேறு ராடு கொடுத்திருக்க வேண்டும்.

போராட்டம் நீள நீள மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஆக்சிஜனும் குறைவு. நீந்திப் போய்விட்டதே என்று நாம் நிம்மதியாக இருக்கும் மீன்கூடப் பிறகு சாகலாம். பொன் மாசீர், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட மீன். நம் காவிரியின் கூன்முதுகு மாசீர் நிலைமை அதைவிட மோசம். 2018இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள். 1946இல் காவிரிப் படுகையில் 54 கிலோ மாசீர் பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. இன்று மோயாற்றில் மிஞ்சியிருப்பவை ஓடுவது காப்புக்காட்டு வழியே. அங்கே தூண்டிலோடு நுழையவே கூடாது. வேறு எந்த ஆறானாலும் முதலில் வனத்துறை அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் ராடு கடைக்குப் போக வேண்டும்.

எண் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளைக்கென்று எடை கிடையாது, நாம் வீசுவது லைன் என்ற தடித்த தூண்டில் கயிற்றின் எடையை. ராடின் எண் அது வீசும் லைனின் எடையைச் சொல்வது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். 8ஆம் எண் 13.6 கிராம், 10ஆம் எண் 18 கிராம். ஈரத்தில் கனத்துப்போன விரல் நீள ஃப்ளையைக் காற்றில் கொண்டுபோக 9 கிராம் போதாது. ராம்கங்கை மாதிரி ஆற்றுக்கு 9 அடி நீள 8ஆம் எண் ராடு. ஆறு பெரிதாகி இழுப்பும் பலமாக இருந்தால் 10.

காசு இடித்தால் ராடின் பிராண்டில் குறையுங்கள், ரீலில் வேண்டாம். டிரவுட்டுக்கு ரீல் லைனைச் சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். மாசீரின் முதல் ஓட்டத்தைத் தடுப்பதே ரீலின் பிரேக்கான டிராக்தான். அது திக்கித் திக்கிப் பிடித்தால் தூண்டில் நரம்பு அறுந்து, வாயில் தூண்டில் முள்ளோடு மீன் போய்விடும். உள்ளே, லைனுக்குப் பின்னால் கட்டும் மெல்லிய பேக்கிங் (backing) கயிறு 150 மீட்டராவது வேண்டும். அப்புறம், கடலுக்கென்று செய்த வெப்பமண்டல லைனை வாங்கிவிட்டுப் பலர் வருத்தப்படுகிறார்கள். குமாவுன் மலையின் குளிர்காலக் காலையில் அது சுருள் சுருளாக விறைத்து நிற்கும்.

ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு 16 முதல் 20 பவுண்டு இழுவை தாங்குவதாக இருக்கட்டும், ஃப்ளூரோகார்பன் இழை நல்லது. பாறையில் உரசினாலும் தாங்கும். பைக் மீனுக்கோ வாளைக்கோ போல எஃகுக் கம்பி வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மாசீர் கெண்டைக் குடும்பம், தாடையில் பல்லே இல்லை. அத்திப்பழமும் தின்னும், குஞ்சு மீனையும் விரட்டும், நண்டையும் நத்தையையும் தொண்டைப் பல்லால் நொறுக்கும். அதே பல் டிரவுட் முள்ளைத் தட்டையாக்கிவிடும். நான் ஒரு சிறு டப்பாவில் அப்படி நசுங்கிய முட்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்தால் அதற்குமேல் விளக்கமே தேவைப்படுவதில்லை. முள் தடித்த கம்பியாக இருக்கட்டும்.

கைவலை முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருக்க வேண்டும். நைலான் முடிச்சு செதிலையும் அதன் மேலிருக்கும் வழவழப்பையும் உரித்துவிடும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான். நீளமூக்குக் குறடு ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஆற்றுக்குப் போவதற்கு முந்தின இரவே எல்லா முட்களின் எதிர்முள்ளையும், அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு கூரையும், அந்தக் குறடால் நசுக்கி விடுங்கள். அப்போதுதான் மீனின் வாயிலிருந்து முள் லேசாகக் கழன்று வரும். நசுங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. ஒரு பருத்தித் துண்டின் நுனியில் குத்தி இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் சிக்கினாலும் திரும்ப நசுக்குங்கள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் அந்த முள்ளைக் கட்டலாம்.