18 வயது, 10-வது ஆட்டம்

2014 அக்டோபரில் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி ஒரு ஜெர்மன் பையனை வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் இறக்கியது. பெயர் லியோன் டிரைசைட்ல். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அந்த வருடம் 3-வது ஆளாகத் தேர்வானவர். 19-வது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாள் பாக்கி. 37 ஆட்டம் ஆடினார்; 2 கோல், 7 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). ஜனவரியில் பையைக் கட்டச் சொல்லி, பதின்வயதினர் ஆடும் ஜூனியர் லீகுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே கெலோனா ராக்கெட்ஸ் அணியோடு மேற்குக் கனடாவின் ஜூனியர் பட்டத்தை வென்றார். கனடாவின் ஜூனியர் அணிகளுக்கான மெமோரியல் கோப்பையில் இறுதி ஆட்டத்தை அவர் அணி தோற்ற பிறகும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. 2020-ல் என்எச்எல்லின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை அவர் கையில் இருந்தது.

(புல்தரை ஹாக்கியை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு: இது ஐஸ் ஹாக்கி. காலில் ஸ்கேட், பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. அதற்குப் பெயர் பக்.)

அந்த ஜனவரியில் டிரைசைட்லிடம் எது குறைந்தது? திறமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உடம்பும் இல்லை, 18 வயதிலேயே 90 கிலோவைத் தாண்டியவர். 'பையன் இன்னும் தயாராகவில்லை' என்று பயிற்சியாளர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்களே, அந்த 'தயார்' என்பது உண்மையில் என்ன?

என்னைக் கேட்டால் அதற்கு முதல் பதில் 'நேரம்'. அரங்கின் மூலையில் நடக்கும் ஒரு சாதாரணக் காட்சியைப் பாருங்கள். எதிரணி பக்கை உங்கள் பக்கத்து மூலைக்குள் தள்ளிவிட்டது. நீங்கள் டிஃபன்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரர். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறீர்கள். நீங்கள் பக்கைத் தொடும்போது துரத்தி வருபவர் 12 மீட்டர் பின்னால் இருக்கிறார், வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையில் இருப்பது ஒன்றரை வினாடி. அதற்குள் பக்கைக் கட்டுப்படுத்த வேண்டும், திரும்ப வேண்டும், யார் ஆளில்லாமல் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும், பாஸ் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தோளோடு சேர்த்துப் பலகைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

ஒன்றரை வினாடியில் இவ்வளவையும் வரிசையாகச் செய்ய யாராலும் முடியாது. முடிப்பவர்கள் செய்யும் தந்திரம் வேறு. பக்கை அடைவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். ஆக, பக் ஸ்டிக்கில் படும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஜூனியர் லீகில் துரத்துபவர் அரை வினாடி தாமதமாக வருவார், அல்லது தவறான கோணத்தில் வருவார். அங்கே திரும்பிப் பார்க்காமலேயே தப்பித்துவிடலாம். கெட்ட பழக்கம் தண்டிக்கப்படாமல் வளர்கிறது. அந்தப் பழக்கத்தோடு 1 ஆட்டத்துக்கு 1 புள்ளி (கோலுக்கும் அசிஸ்டுக்கும் தலா ஒன்று) என்று குவிக்கவும் முடிகிறது. மேல் லீகில் அதே பையன் காலடியில் பக்கை வைத்துக்கொண்டு விழிப்பது இதனால்தான்.

விளையாட்டு உளவியலில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஆட்டக் காட்சியை ஓடவிட்டு, பக் ஸ்டிக்கை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன் நிறுத்திவிடுவார்கள். 'அடுத்து எங்கே போகும்?' என்று கேட்பார்கள். அனுபவசாலிகள் பாதிப் படத்திலேயே சரியாகச் சொல்கிறார்கள், இடுப்பின் திசை, ஸ்டிக்கின் சாய்வு, காலி இடம் இவற்றை வைத்து. கற்றுக்குட்டியின் கண் பக்கையே சுற்றிச்சுற்றி வரும். சதுரங்க வல்லுநர் பலகையில் தனித்தனிக் காய்களைப் பார்க்காமல் அமைப்புகளைப் பார்ப்பது போலத்தான் இதுவும். அந்த அமைப்புகள் கண்ணில் படிய, ஆயிரக்கணக்கான முறை அந்தச் சூழலில் நின்றிருக்க வேண்டும். ஜிம்மில் கிடைக்காது.

ஜிம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எலும்பின் நீளம் முடிந்த பிறகும் தசை சில வருடம் கூடிக்கொண்டே போகும். என்எச்எல் வீரரின் சராசரி எடை 90 கிலோவை ஒட்டியது. 80 கிலோ பையன் பலகையோரம் பக்குக்காக மல்லுக்கட்டும்போது வித்தியாசம் தெரியும். அதோடு அமெரிக்கக் கல்லூரி சீசனில் 35, 40 ஆட்டம், பெரும்பாலும் வார இறுதிகளில். என்எச்எல்லில் 82 என்பதுதான் வெகுகால வழக்கம், இடையிடையே நள்ளிரவு விமானம். டிராஃப்டுக்கு முன் பஃபலோ நகரில் பையன்களை சைக்கிளில் உட்காரவைத்து மூச்சுத் திணறும்வரை மிதிக்கவிடும் சோதனை நடக்கிறது. படம் பிடிக்க நன்றாக இருக்கும். மூலையில் திரும்பிப் பார்க்கிறானா என்பதை அந்த சைக்கிள் சொல்லாது.

சரி, எண்களாவது சொல்லுமா? ஓரளவு சொல்லும். கேப்ரியல் டெஜார்டின் என்ற ஆய்வாளர் பரப்பிய ஒரு கணக்கு முறை உண்டு. ஒரு லீகிலிருந்து என்எச்எல்லுக்கு வந்தவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொண்டு, அங்கே ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, இங்கே எத்தனை என்று விகிதம் பார்ப்பது. கனடாவின் ஜூனியர் லீகுகளுக்கு அந்த விகிதம் சுமார் 0.3 என்று வைப்போம். 68 ஆட்டத்தில் 90 புள்ளி எடுத்த பையனுக்கு ஆட்டத்துக்கு 1.32, அதை 0.3-ஆல் பெருக்கி 82 ஆட்டத்துக்கு விரித்தால் 33 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. பெரியவர்கள் ஆடும் லீகுகளுக்கு விகிதம் இதைவிட அதிகம்.

அழகான கணக்கு. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: மேலே வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. வராதவர்கள், வந்திருந்தால் திணறியிருப்பவர்கள், அதில் இல்லவே இல்லை. இன்னொன்று, 90 புள்ளியில் எத்தனை பவர் பிளேயில், அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது, வந்தது, பக்கத்தில் ஆடியவர் யார் என்பதெல்லாம் விகிதத்துக்குத் தெரியாது.

வயதும் தெரியாது, அதாவது மாதக் கணக்கில். செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்திருந்தால்தான் அந்த வருட டிராஃப்ட். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. 2 நாளில் 2015 டிராஃப்ட் போயிற்று. மற்றவர்கள் ஜூனியரிலோ கல்லூரியிலோ ஆடியிருப்பார்கள். அவர் சுவிட்சர்லாந்து போய் ஜூரிக் நகரின் இஸட்எஸ்சி லயன்ஸ் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 36 ஆட்டத்தில் 24 கோல், 22 அசிஸ்ட். 2016-ல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. ஒட்டாவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 4 கோல், அந்த சீசனில் 40. அவர் எப்படியும் வந்திருப்பார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கூடுதல் வருடத்தை எங்கே செலவழித்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் 'தயாரா' என்ற கேள்வியே பாதிதான். மீதிப் பாதி, எங்கே இருந்தால் வேகமாக வளர்வான் என்பது. குவாடக்னோலி, லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2004-ல் உடலியக்கக் கற்றலைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒருவர் கற்பது அவர் திறமைக்கும் பணியின் கடினத்துக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்கும்போதுதான் அதிகம். மிக எளிதென்றால் கற்க ஒன்றும் இல்லை. மிகக் கடினமென்றால் வந்து விழும் தகவலைப் பிடிக்கவே ஆள் இல்லை. இதை ஹாக்கிக்குக் கொண்டுவந்தால், என்எச்எல்லில் நாலாவது வரிசையில் இரவுக்கு 8 நிமிடம் ஆடும் பையன் என்ன கற்கிறான்? முக்கால் நிமிட ஷிஃப்ட் (ஒரு முறை பனியில் இறங்கித் திரும்புவது) ஒரு 10, 11. பக் கிடைத்தால் உடனே சுவரோரம் தள்ளிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பு என்பது உத்தரவு. தப்பு செய்யாமல் இருக்கக் கற்கிறான். ஒரு படி கீழே ஏஎச்எல்லில் இருந்தால் 18, 20 நிமிடம், பவர் பிளேயும் சேர்த்து. இன்றைய என்எச்எல் வீரர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஏஎச்எல் வழியாக வந்தவர்கள் என்பதில் வியப்பில்லை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஒரு காலத்தில் இளைஞர்களை அங்கேயே கனிய விட்டு, கொஞ்சம் அதிகமாகவே கனியட்டும் என்று காத்திருப்பதற்குப் பேர்போனது.

சரி, எல்லோரையும் ஏஎச்எல்லில் போட வேண்டியதுதானே என்றால், விதி விடாது. கனடாவின் 3 பெரிய ஜூனியர் லீகுகளிலிருந்து டிராஃப்ட் ஆனவர் 20 வயதுக்கு முன் ஏஎச்எல்லில் முழு சீசன் ஆட முடியாது என்பதுதான் இத்தனை காலமும் இருந்த ஏற்பாடு. என்எச்எல் அல்லது ஜூனியர். நடுவில் படியே இல்லாத மாடி. ஜூனியருக்கு மிஞ்சியவன், என்எச்எல்லுக்கு எட்டாதவன் என்று ஒரு கூட்டமே இந்த இடுக்கில் மாட்டியது. ஷேன் ரைட் 2022-ல் 4-வதாக சியாட்டலுக்குத் தேர்வானார். அந்த ஒரே சீசனில் என்எச்எல்லில் 8 ஆட்டம், ஆட்டத்தகுதிக்காக என்ற காரணத்தில் ஏஎச்எல்லில் சில ஆட்டம், உலக ஜூனியர் போட்டியில் கனடாவின் கேப்டன், பிறகு மீண்டும் ஜூனியர். அடுத்த வருடம் ஏஎச்எல்லில் நிலையாக ஒரு சீசன் கிடைத்தது: 59 ஆட்டத்தில் 47 புள்ளி. அதற்கடுத்த வருடம் என்எச்எல்லில் 19 கோல். ஒவ்வொரு அணியும் 19 வயதுக்காரர் ஒருவரை ஏஎச்எல்லுக்கு அனுப்ப வழி செய்வது 2025-ல் லீகும் வீரர் சங்கமும் எட்டிய உடன்பாட்டில் இடம்பெற்றது. தாமதம்தான், ஆனால் நல்லது.

அடுத்து காசு. 18, 19 வயதில் கையெழுத்திட்டவர் என்எச்எல்லில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால், அவருடைய 3 வருட முதல் ஒப்பந்தம் அப்படியே ஒரு வருடம் தள்ளிப்போகும். 10-வது ஆட்டத்தில் பனியில் கால் வைத்தால் ஒப்பந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 40 ஆட்டம் அணிப் பட்டியலில் இருந்துவிட்டால், அந்த வருடம் விரும்பிய அணிக்குப் போகக்கூடிய சுதந்திர வீரராவதற்கான கணக்கிலும் சேரும். டிரைசைட்லின் 37-ஐ இப்போது மறுபடி பாருங்கள். அவர் வளர்ச்சி மட்டும்தான் அந்த எண்ணைத் தீர்மானித்தது என்று நம்ப எனக்கு மனமில்லை.

கல்லூரியில் ஆடுபவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. என்எச்எல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கல்லூரிக் கதவு அடைந்துவிடும், திரும்ப முடியாது. ஜூனியருக்கு அனுப்பப்படுவது திருத்தக்கூடிய தவறு. இது திருத்த முடியாதது. அதனால்தான் ஓவன் பவர் 2021-ல் டிராஃப்டின் முதல் ஆளாகத் தேர்வான பிறகும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே போனார். கேல் மக்கார் 2017-ல் 4-வதாகத் தேர்வாகி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2 வருடம் ஆடிவிட்டு, 2019 ஏப்ரலில் கொலராடோவுக்காக நேரே பிளேஆஃபில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம்மிடம் இரண்டாவது மக்கார் இல்லை. இந்தத் துறையின் பெரிய தொல்லையே அதுதான். ஒரே பையனை இரண்டு வழியிலும் வளர்த்துப் பார்க்க முடியாது.

இடத்துக்கு இடம் தாமதமும் மாறும். ஃபார்வர்டுகள் முதலில், டிஃபன்ஸ்மேன்கள் பிறகு, கோலிகள் (கோல் காப்பாளர்கள்) கடைசியில். மணிக்கு 150 கிலோமீட்டரில் 18 மீட்டர் தள்ளியிருந்து அடித்த பக் வந்துசேர 0.43 வினாடி. கண்டு கை அசைக்கவே 0.2 வினாடி போய்விடும். நடுவே ஆள் மறைத்தால் அதுவும் இல்லை. ஆகவே கோலி பார்த்துத் தடுப்பதைவிட அனுமானித்துத் தடுப்பதே அதிகம், அனுமானத்துக்கு வயது வேண்டும். கானர் ஹெலபக் 2012-ல் 130-வது ஆளாகத் தேர்வானவர். 2 வருடம் கல்லூரி, பிறகு ஏஎச்எல், 2015-ல்தான் என்எச்எல். 2025-ல் ஹார்ட் கோப்பை.

இவ்வளவையும் மேசையில் வைத்துத்தான் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு மேலாளர், ஒரு பயிற்சியாளர், ஒரு ஏஜெண்ட் உட்கார்கிறார்கள். மூவரின் கணக்கும் ஒன்றல்ல. பையன் அதுவரை ஓட்டல் அறையில் சூட்கேஸைப் பிரிக்காமல் இருப்பான். 9-வது ஆட்டம் முடிந்த இரவு தகவல் வரும். கூடாது என்றால் விமானச் சீட்டு. இருக்கலாம் என்றால், ஹாக்கிக்காரர்கள் அதைச் சொல்லும் வழக்கமான முறை ஒன்று உண்டு: "போய் ஒரு வீடு பார்த்துக்கொள்."