குப்பி காலியாக இல்லை

காலிக் குப்பி என்று சொல்லி வருபவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். செல்களுக்குச் சமிக்ஞை கொடுக்கும் டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற புரதம் உள்ள குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ளே ஒன்றுமே இல்லை சார், போன தடவை அனுப்பியதும் வேலை செய்யவில்லை" என்றார். உள்ளே இருப்பது பத்து மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு எப்படித் தெரியும்? சில குப்பிகளில் தெரியும் வெள்ளைத் தூள்கூட பெரும்பாலும் உடன் சேர்த்த சர்க்கரையோ உப்போ ஆல்புமின் என்ற துணைப் புரதமோதான்.

சரி, போன குப்பியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பத்து மில்லி தண்ணீரில் கரைத்து, நாலு டிகிரியில் வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்தாராம். இந்தப் புரதம் செல்களில் வேலை செய்தால் சோதனையில் தெரிய வேண்டிய பாஸ்போ-ஸ்மாட்2 பட்டை வரவில்லையாம். உடனே விற்பனையாளருக்குப் புகாரும் போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தண்ணீரில் போட்டது தண்ணீரிலேயே இருக்கும் என்ற நினைப்பு உப்புக்குச் சரி, இதற்குச் சரிவராது. இவ்வளவு நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். டியூப் மாற்றும்போது கொஞ்சம், பிப்பெட் முனையில் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும். "98 சதவீதம் தூய்மை என்று போட்டிருக்கிறதே" என்கிறார்கள். தூய்மை என்பது குப்பியில் வேறு புரதம் எவ்வளவு குறைவு என்பதற்கான கணக்கு. உங்கள் தட்டில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதனால்தான் ஆல்புமின் சேர்க்கச் சொல்கிறோம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அது சுவரை முதலில் பிடித்துக்கொள்ளும்.

டிஜிஎஃப்-பீட்டா 1 நடுநிலைக் கரைசலில் சரியாகக் கரையாது, அமிலம் வேண்டும். "ஐயோ, செல் செத்துவிடாதா?" சாகாது. முதலில் கரைத்த மில்லிக்கு 100 மைக்ரோகிராமில் இருந்து செல்களுக்கு விடும் 5 நானோகிராமுக்கு வரும்போது அந்த அமிலம் இருபதாயிரம் மடங்கு நீர்த்துவிடும். ஆனாலும் ஒப்பிட வைக்கும் கட்டுப்பாட்டுத் தட்டிலும் டிஜிஎஃப்-பீட்டா 1 இல்லாத அதே கரைசலை விடுங்கள். எல்லாப் புரதத்துக்கும் அமிலம் ஊற்றிவிடாதீர்கள், ஈஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதத்துக்கு இது தேவையே இல்லை. தயவுசெய்து தகவல் தாளைப் படியுங்கள்.

மூடியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள், மூடியில் ஒட்டியது கீழே வரும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மில்லிக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின், மொத்தம் 100 மைக்ரோலிட்டர். மெதுவாகத் தட்டிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள், வேகமாகக் குலுக்கும் வோர்ட்டெக்ஸ் கருவி வேண்டவே வேண்டாம். அப்புறம் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் போடுங்கள். தானே பனி உருக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சூடாகும், அதில் வைக்காதீர்கள். மிச்சத்தைத் திரும்ப உறைய வைப்பவர்களிடம் நான் பேசுவதில்லை. டிடிடி என்ற வேதிப்பொருளின் பக்கமே போகக் கூடாது: இந்தப் புரதத்தின் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் டைசல்ஃபைடு பிணைப்பு அறுந்தால் வேலை முடிந்தது.

அந்த "காலி" குப்பியை என் மேசையிலேயே சுற்றிக் கரைத்தோம். செல்களில் விட்டு 45 நிமிடத்தில் எடுத்ததில் பாஸ்போ-ஸ்மாட்2 பட்டை தடியாக வந்தது. விற்பனையாளருக்கு இப்போது இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.