சடவு வேறு, சோம்பல் வேறு

"சடவா இருக்கு சார்." பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக உட்கார்ந்த நாள் முதல் நான் அதிகம் கேட்டது இதைத்தான். நெல்லைப் பக்கம் உடம்பு அசதிக்கும் இதே சொல், மனசு ஒட்டாததற்கும் இதே சொல். சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கும்.

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் இளைஞர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்கு மூன்றாவது வருடமாகப் படிக்கிறார். தினமும் 12 மணி நேரம் என்று போனில் டைமர். எட்டு மணி நேரத்தோடு நின்றுவிட்டால் ராத்திரி சாப்பாடு கிடையாது, தனக்குத் தானே தண்டனை. "எங்கம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துதாவ சார். என்னால உக்காந்து படிக்கக்கூட முடியலயே" என்று அழுதார்.

நேரம் போவதே தெரியாமல் ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். அதற்கு டைமர் வைப்பதில்லை. பகல் முழுக்க அசைய மறுத்த அதே மூளைதான் அங்கே இரண்டு மணி நேரம் ஓடுகிறது. இவரைப் போய் எப்படிச் சோம்பேறி என்பது?

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். நானாக எடுத்த முடிவு, எனக்குக் கைவருகிறது, என்னோடு ஆள் இருக்கிறது: இந்த மூன்று உணர்வும் இருந்தால் ஊக்கம் நிலைக்கும் என்கிறார்கள். குற்றவுணர்வு நம்மை விரட்டும்போது, வெளியில் யாரோ பிடித்திருந்த கம்பு நம் கைக்கே வந்துவிடுகிறது. அடிப்பதும் நாம், ஓடுவதும் நாம். கொஞ்ச நாளைக்கு வேலை நடக்கும், அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

பரிசுகூட அப்படித்தான். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் வரையப் பிடித்த சின்னப் பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை.

பிடிக்காத வேலையே செய்யக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்குச் செய்கிறோம் என்று தெரிந்து, மனம் ஒப்பிச் செய்தால் அதுவும் உண்மையான ஊக்கம்தான்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். முன்பு பிடித்தவைகூட இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு (டிப்ரஷன்) என்ற நோயாக இருக்கலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இப்படி ஆளைச் சாய்க்கும். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இரண்டாம் முறை அந்தத் தம்பி அம்மாவையும் கூட்டி வந்தார். ஆயிரம் பீடி எப்படிம்மா முடியுது என்று கேட்டேன். "தனியா உக்காந்தா ஐநூறுகூட ஓடாது சார். திண்ணையில நாலு பேரு சேந்து பேசிக்கிட்டே சுத்துவோம்" என்றார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நண்பர்கள் இருவரோடு நூலகத்தில் படிக்கிறார், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். ராத்திரி சாப்பாட்டை விடுவதில்லை.